உலகத்திலேயே பெரிய தபால்பெட்டியில் போடும் கடிதம்

கேஸி, இல்லினாய், அமெரிக்கா
விடியற்காலை

அன்புள்ள மகன் செல்வத்துக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். அக்கா, மாப்பிள்ளை, உன் மருமகன் எல்லோரும் சுகம். நீ ஐடிஐ படிக்க மதுரைக்குப் போனபோது எழுதியதுதான் நான் உனக்கு எழுதிய கடைசிக் கடிதம். அதற்குப் பிறகு எல்லாம் போன்தான். போனில் நாம் இரண்டு பேரும் "சாப்பிட்டியா, மழை உண்டா, கரண்டு இருக்கா" என்பதைத் தாண்டுவதில்லை. தை மாதத்துக்குப் பிறகு அதுவும் குறைந்துபோயிற்று. அதனால் எழுதுகிறேன். மேசையில் கிடந்த பிள்ளையின் நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டேன், அவன் தூங்குகிறான், கேட்டால் நான் சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று அக்கா எங்களை இண்டியானாபொலிஸிலிருந்து காரில் கூட்டிவந்தாள். மேற்கே இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவான ஓட்டம். டெரி ஹோட் என்று ஓர் ஊர், அங்கே வாபாஷ் என்று ஓர் ஆறு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மாநில எல்லை வருகிறது. எல்லையைத் தாண்டினதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். "கிளம்பின நேரத்துக்கே வந்து சேர்ந்துட்டோமா?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்டாள். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய மட்டும் மக்காச்சோளம், நம்ம கரிசலில் போடுகிற அதே சோளம். பக்கத்தில் சோயா. மலை என்று ஒன்று கண்ணில் படவில்லை.

கேஸி என்பது 2,400 சொச்சம் பேர் இருக்கிற ஊர். நம்ம ஊரில் ஒரு வார்டுக்கு வரும். அந்த ஊரின் மெயின் ரோட்டில் 56 அடி உயரத்துக்கு ஓர் ஆடும் நாற்காலி நிற்கிறது. தாத்தா பாட்டிமார் திண்ணையில் போட்டு ஆடுவார்களே, அந்த நாற்காலிதான். நம்ம வெல்டிங் பட்டறைக் கூரை 14 அடி. நாலு பட்டறையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார், அதுதான் உயரம். அகலம் மட்டும் 32 அடிக்கு மேல். இருபது டன்னுக்கு மேல் எடை என்றார்கள். அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நான் சிமெண்டில் செய்து பெயிண்ட் அடித்த பொம்மை என்றுதான் நினைத்தேன். இல்லை. கின்னஸ்காரர்கள் வெறும் பொம்மைக்கு "உலகத்திலேயே பெரியது" என்று பட்டம் கொடுப்பதில்லையாம். நாற்காலி என்றால் ஆட வேண்டும். 2015 அக்டோபரில் கயிறு கட்டிப் பத்துப் பேர் இழுத்து இந்த இருபது டன்னையும் முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் பட்டம். இன்னோர் இடத்தில் 13 அடி நீளத்தில் ஸ்வெட்டர் பின்னுகிற ஊசி ஒரு ஜோடி இருக்கிறது. அதையும் சும்மா சாய்த்து வைத்துவிடவில்லை, அந்த ஊசிகளால் நிஜமாகவே நூல் பின்னிக் காட்டின பிறகுதான் ஒப்புக்கொண்டார்களாம். எனக்கு இந்த விதி ரொம்பப் பிடித்துவிட்டது. நம்ம தொழிலும் இதுதானே. கேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் கீல் சத்தமில்லாமல் திரும்பினால்தான் அது கேட்.

இதையெல்லாம் தொடங்கியவர் ஜிம் போலின் என்கிற இந்த ஊர்க்காரர். அவருடைய குடும்பத் தொழில் என்ன தெரியுமா? எண்ணெய்க் குழாய், டேங்க் வேலை. வெட்டி ஒட்டுகிறவர், நம்ம ஜாதி! 2011இல் முதலில் ஒரு காற்றுமணி செய்தார். வாசலில் காற்றுக்குக் கிணுகிணு என்று ஆடுமே, அதுதான். ஆனால் இதில் தொங்குவது ஆளைவிடப் பெரிய இரும்புக் குழாய்கள். நீளமான குழாய் 42 அடி. கீழே கயிறு விட்டிருக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் இழுத்து அடிக்கலாம். அம்மா தயங்கித் தயங்கிப் பிடித்து இழுத்தாள். கோவில் காண்டாமணி மாதிரி கணீர் என்று வரவில்லை. அடித்தொண்டையில் யாரோ நிதானமாக "ஓம்" சொல்வது மாதிரி இருந்தது, நெஞ்சுக்குள் அதிர்ந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டாள். பக்கத்தில் ஒரு பைபிள் வசனம் எழுதியிருந்தது. இங்கே ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வசனம் இருக்கிறது.

காற்றுமணிக்குப் பிறகு நிற்கவே இல்லை. கோல்ஃப் பந்தை வைக்கிற குச்சி முப்பது அடிக்கு. வைக்கோல் அள்ளுகிற கவைக்கோல் அறுபது அடிக்கு. பென்சில், எலிப்பொறி, மரச்செருப்பு, சோளக்கதிர், உள்ளே போய் ஊஞ்சலில் உட்காருகிற மாதிரி ஒரு பறவைக் கூண்டு. உன் மருமகன் கூண்டை விட்டு வரமாட்டேன் என்று அழுது தீர்த்தான். பெரும்பாலும் பழைய சாமான்களை வைத்துத்தான் செய்திருக்கிறார்கள், கழித்துப் போட்ட குழாய், பழைய கம்பத்து மரம். எதற்கும் டிக்கெட் கிடையாது. ஒரு பைசா வாங்கவில்லை.

எதற்காகச் செய்தார் என்று அக்காவைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். இந்த ஊர் நடுவே போவது நேஷனல் ரோடு. 1811இல் போட ஆரம்பித்த சாலை. ஒரு காலத்தில் மேற்கே போகிற வண்டி எல்லாம் இதன் வழியாகத்தான். பிறகு ஊருக்கு வெளியே பெரிய நெடுஞ்சாலை வந்தது. வண்டிகள் ஊருக்குள் நுழையாமலே போக ஆரம்பித்தன. கடைத்தெரு காய்ந்தது. அந்தத் தெருவுக்கு ஆள் வரவேண்டும், நாலு கடை பிழைக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் அந்த முதல் மணியைக் கட்டினார்.

இதைக் கேட்டதும் நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நம்ம ஊரைச் சுற்றி நாற்கரச் சாலை போட்டபோது உனக்குப் பதினாலு வயது. அதற்கு முன்னால் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் போகிற லாரி எல்லாம் நம்ம பட்டறை வாசலில் நின்றுதான் போகும். பம்பர் ஒட்ட, சைலன்சர் ஒட்ட, கதவுக் கொக்கி வைக்க. ராத்திரி பத்து மணிக்கும் வெல்டிங் வெளிச்சம் எதிர்ச் சுவரில் அடித்துக்கொண்டிருக்கும். பைபாஸ் திறந்த மாதமே டீக்கடை மூடினது, பஞ்சர் கடை மூடினது. நாம் மட்டும் ஜன்னல் கிரில்லும் கேட்டும் செய்து தாக்குப்பிடித்தோம்.

நேற்றுச் சாயங்காலம் ஒன்று நடந்தது. கடைத்தெருவில் ஒரு கடைப் பின்வாசலில் ஒரு வயசானவர் உட்கார்ந்து இரும்பு வேலி ஒன்றை ஒட்டிக்கொண்டிருந்தார். எனக்குக் கால் தானாக அங்கே போய்விட்டது. அவர் முகமூடியைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு இங்கிலீஷ் வராது, அவருக்குத் தமிழ் வராது. நான் கீழே கிடந்த வெல்டிங் ராடைக் காட்டினேன். அவர் "7018" என்றார். நான் தலையை ஆட்டி, என் நெஞ்சைத் தொட்டு, "6013" என்றேன். அவர் சிரித்தே விட்டார். நம்ம ராடு பாக்கெட்டில் போட்டிருக்கிற ரக நம்பர்தான் அவர்கள் பாக்கெட்டிலும். பிறகு தன் முழங்கையில் இருந்த தீப்பொறித் தழும்புகளைக் காட்டினார். நான் என்னுடையதைக் காட்டினேன். கொஞ்ச நேரம் அவர் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மீன் செதில் அடுக்கின மாதிரி ஒரே சீராக ஒட்டு விழுந்துகொண்டே போனது. அதைப் பார்க்கையில் நான் நினைத்தது உன் கையை.

அந்தக் கையால் நீ செய்த இரும்புக் காளையையும்தான்.

செல்வம், போன தைப் பொங்கலுக்கு முன்னால் நீ மூன்று மாதம் ராத்திரி ராத்திரியாகக் கண்விழித்து அதைச் செய்தாய். சைக்கிள் செயினை வரிசையாக ஒட்டிக் கழுத்துத் தசை, பம்புசெட் பல்சக்கரத்தில் தோள், உழுது தேய்ந்த கொழுக்களை அடுக்கித் திமில். பதினோரு அடி. பொங்கலன்று காலையில் பட்டறை வாசலில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். வேலைக்காரப் பையன்கள் நாலு பேர், பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லோரும் நிற்கிறார்கள். நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருக்கிறது. "இதுக்கு எவன் காசு குடுப்பான்? எடைக்குப் போட்டா ராடு வாங்கின கடனாவது அடையும்." நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மதியம் தார்ப்பாயைக் கொண்டுவந்து மூடிக் கயிறு கட்டிவிட்டாய். நாங்கள் விமானம் ஏறுகிற அன்றும் அது மூடித்தான் கிடந்தது.

நான் சொன்னது தப்பு. கடன் பயத்தில் சொன்னேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனசில்லை. என் பிள்ளை என்னைவிடப் பெரிய வேலைக்காரன் என்பது அன்று காலையில் எனக்குத் தெரிந்தது. அதை அத்தனை பேர் முன்னால் ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வரவில்லை. அந்த நாற்காலிக்குக் கீழே நின்றபோது தொண்டை அடைத்தது அதனால்தான்.

நம்ம ஆட்களுக்கு இது புதிதும் இல்லை. உன் சின்ன வயதில் புதுக்கோட்டைப் பக்கம் குளமங்கலம் அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப்போனேனே, ஞாபகம் இருக்கா? முப்பது அடிக்கு மேல் உயரத்தில் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு ஒரு குதிரை. மாசி மகத்துக்கு ஊர் ஊராகக் காகித மாலை கொண்டுவந்து, குதிரையே தெரியாமல் மூடுகிற அளவுக்குப் போடுவார்கள். நீ என் தோளில் உட்கார்ந்து, "இத யாருப்பா செஞ்சா?" என்று வழி நெடுகக் கேட்டுக்கொண்டே வந்தாய். சாமியைக் கேட்கவில்லை, செய்தவனைக் கேட்டாய். அன்றைக்கே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

காளையை வைத்தால் நாளைக்கே நாற்கரச் சாலையிலிருந்து வண்டி திரும்பி வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். இந்த ஊரும் ஒரு மணியோடு நிமிர்ந்துவிடவில்லை. முதல் மணிக்கும் நாற்காலிக்கும் நடுவில் நாலு வருடம் போயிருக்கிறது. நேற்றுகூடத் தெருவில் சில கதவுகள் மூடித்தான் கிடந்தன. ஆனால் ஐஸ்க்ரீம் வாங்க வரிசை நின்றது, மிட்டாய் வாங்கினார்கள், நாங்களும் ராத்திரி இங்கேயே ரூம் போட்டுத் தங்கியிருக்கிறோம். அது போதாதா?

இனி தபால்பெட்டி விஷயம். இங்கே ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு கம்பத்தில் தகரப் பெட்டி இருக்கும், பக்கவாட்டில் சின்னதாக ஒரு சிவப்புக் கொடி. கடிதம் அனுப்ப வேண்டுமானால் பெட்டிக்குள் வைத்துக் கொடியை நிமிர்த்தி விடுவார்கள், தபால்காரர் பார்த்து எடுத்துப் போவார். அதையேதான் இந்த ஊரில் 5,743 கன அடிக்குச் செய்து நிறுத்தியிருக்கிறார்கள். பத்துக்குப் பத்து அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால் கிட்டத்தட்ட ஆறு அறை. உள்ளே படி இருக்கிறது, ஏறிப் போய்த் தெருவைப் பார்க்கலாம். இதுவும் நிஜமாக வேலை செய்கிற பெட்டிதான், போட்டால் கடிதம் போய்ச் சேரும். அக்கா வெளிநாட்டுக்கு ஒட்டுகிற வட்ட ஸ்டாம்ப் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள். விடிந்ததும் அம்மாவோடு ஏறிப் போய்ப் போடப் போகிறேன். முட்டுவலி இருக்கிறவளை ஏறவேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எம்புள்ளைக்குப் போற காயிதம், நாந்தான் போடுவேன்" என்கிறாள்.

கடிதம் உன் கைக்கு வரும்போது ஐப்பசி மழை நெருங்கியிருக்கும். வந்ததும் தார்ப்பாயை அவிழ்த்துவிடு. துருப் பிடித்த இடத்தைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடி. செயின் இடுக்கில் தண்ணீர் நிற்கும், அங்கே பிரஷ் நுழையாது, துணியில் நனைத்துப் பிழிந்துவிடு. பணத்துக்கு அம்மாவின் அஞ்சல் சேமிப்பில் இருக்கிறது, எடுத்துக்கொள்.

இன்னொன்று. முன்னங்கால் இரண்டில் இடது காலை நீ 6013இலேயே ஒட்டியிருக்கிறாய், முழு எடையும் அந்த ஒட்டின்மேல்தான் இறங்குகிறது. அன்றைக்கே பார்த்தேன், கோபத்தில் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ கை வைக்காதே. கார்த்திகையில் நாங்கள் வந்துவிடுவோம், எடை தாங்குகிற 7018 ராடு ஒரு பாக்கெட் மட்டும் வாங்கி வை. முட்டுத்தகடு வெட்டி இரண்டு பக்கமும் நான் ஒட்டித் தருகிறேன், நீ பிடித்துக்கொள். அதுவரை பிள்ளைகளை மேலே ஏறவிடாதே.

இப்படிக்கு
அப்பா