லியாம் பிரேடியின் பெயர் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உதைபந்தாட்ட உலகக் கிண்ணத்தில் ஆடக் கிடைக்காத பெரிய வீரர்களைப் பற்றிக் கடந்த ஞாயிறு உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்தது. ஜோர்ஜ் பெஸ்ட், ஜோர்ஜ் வியா, ரயன் கிக்ஸ் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாரும் சரியான ஆட்கள்தான். ஆனால் அயர்லாந்தின் மத்தியகள வீரர் லியாம் பிரேடியின் பெயர் அதில் இல்லை. தவறவிட்டேனோ என்று இரண்டாந்தரமும் வாசித்தேன். இல்லை. மனம் கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 1977இல் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்குப் படிக்க வந்தவன். ஹொலோவேயில் ஒரு அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்காரர் டப்ளின்காரர், கட்டட வேலை செய்பவர். ஆர்சனல் கழகத்தின் ஹைபரி மைதானத்துக்கு அங்கிருந்து நடந்தே போய்விடலாம். "வா, எங்கள் லியாமைக் காட்டுகிறேன்" என்று ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பிரேடியும் டப்ளின் பிள்ளை. பதினைந்து வயதில் ஆர்சனலுக்கு வந்து, 1973இல், பதினேழு வயதில், முதலாவது அணியில் இறங்கியவர்.

எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் பந்தைத் தூரத்துக்கு அடிப்பவன்தான் பெரிய ஆட்டக்காரன். ஹைபரியில் நான் கண்டது வேறு. பந்து வருவதற்கு முன்பே பிரேடி தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பார்த்துவிடுவார். பந்து இடது காலுக்கு வரும்போது அது எங்கே போக வேண்டும் என்று முடிவாகியிருக்கும். ஓடுகிறவன் நின்று திரும்பத் தேவையில்லை, அவன் ஓடிப் போகும் இடத்துக்குப் பந்து போய்ச் சேரும். 1978 டிசம்பர் 23ஆம் திகதி டொட்டன்ஹாமை அவர்களுடைய மைதானத்திலேயே 5–0 என்று வென்றோம். அன்று பிரேடி, பெனல்டி எல்லைக்கு வெளியே எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, இடது காலின் வெளிப்பக்கத்தால் வளைத்து மேல் மூலைக்குள் போட்டார். வீட்டுக்காரர் என் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்துவிட்டார். அந்தத் தொப்பி திரும்பக் கிடைக்கவேயில்லை.

இங்கிலாந்துக் கழகங்கள் மோதும் எஃப்.ஏ. கிண்ணத்தின் 1979 இறுதி ஆட்டத்தைப் பலர் கடைசி ஐந்து நிமிடங்களுக்காக நினைவில் வைத்திருப்பார்கள். 2–0 என்று முன்னால் நின்ற ஆர்சனல், முடிவுக்குக் கொஞ்சம் முன் மன்செஸ்டர் யுனைட்டெட்டிடம் இரண்டு கோல் வாங்கியது. உடனே பிரேடி பந்தை எடுத்துக்கொண்டு ஓடினார். காலுறை கீழே சரிந்து கிடந்தது. இடப்பக்கம் கிரஹாம் ரிக்ஸுக்குக் கொடுத்தார், ரிக்ஸ் குறுக்கே அனுப்ப, அலன் சண்டர்லண்ட் தூரக் கம்பத்தடியில் கோல் போட்டார். 3–2. அன்றைய மூன்று கோல்களிலும் பிரேடியின் கால் இருந்தது. அந்த ஆண்டு தொழில்முறை வீரர்களே வாக்களித்து அவரைச் சிறந்த வீரராகத் தெரிந்தார்கள்.

அடுத்த பருவத்தில் ஆர்சனல் 70 ஆட்டங்கள் ஆடியது. எழுபது! மே 10ஆம் திகதி எஃப்.ஏ. கிண்ண இறுதியில் வெஸ்ட் ஹாமிடம் தோல்வி. நாலே நாளில் பிரஸ்ஸல்ஸில் கிண்ண வெற்றியாளர்களுக்கான ஐரோப்பிய இறுதி ஆட்டம், வலென்சியாவுடன். கோல் இல்லாமல் பெனல்டிக்குப் போனது. வலென்சியாவின் கெம்பஸ் தவறவிட்டார், பிரேடியும் தவறவிட்டார், கடைசியில் ரிக்ஸும் தவறவிட ஆட்டம் போனது. இந்தப் பெனல்டியை வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்த 1980இல்தான் இத்தாலி வெளிநாட்டு வீரர்களுக்குக் கதவைத் திறந்தது. ஒரு கழகத்துக்கு ஒருவர் மட்டும். அந்த ஐரோப்பியப் போட்டியின் அரையிறுதியில் இத்தாலியின் யுவென்டஸை அதன் ஊரான டியூரினில் வைத்தே ஆர்சனல் வென்றிருந்தது. யுவென்டஸ் அந்த ஒரே இடத்தைப் பிரேடிக்குக் கொடுத்தது. விலை ஐந்து லட்சம் பவுணுக்குச் சற்று மேல். பத்தாம் இலக்கச் சட்டை. முதல் பருவத்திலேயே லீக் பட்டம், கழகத்துக்காக லீக்கில் அதிக கோல் போட்டவரும் அவர்தான், 8.

இனி நான் சொல்ல வந்த விஷயம். 1982இல் விதி மாறி, ஒரு கழகம் இரண்டு வெளிநாட்டவர்களை வைத்திருக்கலாம் என்று வந்தது. யுவென்டஸ் போலந்தின் போனியெக்கையும் பிரான்ஸின் பிளாட்டினியையும் வாங்கியது. பிரேடிக்கு இடமில்லை. பருவம் இன்னும் முடியவில்லை. பட்டத்துக்கு யுவென்டஸும் பியோரென்டினாவும் சரிசமமாக நிற்கும் நேரத்தில், இந்தச் செய்தி அவருக்குத் தெரிவிக்கப்பட்டது. வயது இருபத்தாறு. குற்றம் எதுவும் இல்லை.

மே 16, ஞாயிற்றுக்கிழமை. தெற்கு இத்தாலியில் கட்டன்சாரோ மைதானம், கடைசி ஆட்டம், இரண்டாம் பாதி, கோல் இல்லை. யுவென்டஸுக்கு ஒரு பெனல்டி கிடைத்தது. அடிக்கப் போனவர் பிரேடி. தன்னை வேண்டாம் என்று சொல்லிவிட்ட கழகத்துக்காக, இரண்டு வருடத்துக்கு முன் பிரஸ்ஸல்ஸில் தவறவிட்ட அதே இடது காலால் பந்தை வலைக்குள் போட்டார். 1–0. பியோரென்டினா கல்யாரியில் சமநிலையில் நின்றது. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் யுவென்டஸுக்கு இருபதாவது பட்டம். சட்டையைப் பிளாட்டினிக்கு விட்டுவிட்டுப் பிரேடி சம்ப்டோரியாவுக்குப் போனார்.

அந்தத் திங்கட்கிழமை பத்திரிகை முழுக்க ஃபோக்லாந்து யுத்தம். பின்பக்க மூலையில் நாலு வரிதான் இருந்தது, வீட்டுக்காரர் விரலை வைத்துக் காட்டினார். நான் அப்போது இரவு வேலைக்கு ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றேன். முதலாளி தன் சொந்தக்காரப் பையனை நிறுத்தப் போவதாகவும், மாத முடிவோடு நான் போகலாம் என்றும் சொல்லி ஒரு கிழமைதான் ஆகியிருந்தது. மிச்ச இரவுகளில் கல்லாவைக் கவனமில்லாமல் விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு விடியலும் கடைசிப் பென்ஸ் வரை எண்ணி எழுதி வைத்துவிட்டுத்தான் போனேன். யார் முகம் நினைவில் இருந்தது என்று சொல்லத் தேவையில்லை.

உலகக் கிண்ணம் ஏன் கிடைக்கவில்லை என்று பார்த்தால் அதிலும் பிளாட்டினி வருகிறார். 1982 தகுதிச் சுற்றில் பிரான்ஸும் அயர்லாந்தும் தலா 10 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில், பிளாட்டினி ஆடிய பிரான்ஸ், உலகக் கிண்ணம் நடந்த ஸ்பெயினுக்குப் போனது. டப்ளினில் பிரான்ஸை 3–2 என்று வென்ற அணி வீட்டில் இருந்தது. அதற்கு முன் பிரஸ்ஸல்ஸில் பெல்ஜியத்துடன் மழைக்குள் நடந்த ஆட்டத்தில் பிராங்க் ஸ்டேப்பிள்டன் போட்ட கோலை மத்தியஸ்தர் ஏற்கவில்லை, பெல்ஜியம் கடைசி நிமிடங்களில் 1–0 என்று வென்றது. வீட்டுக்காரர் சாகும்வரை அந்தக் கோலைப் பற்றிக் கதைத்தார்.

1988 ஐரோப்பியக் கிண்ணத்துக்கு அயர்லாந்து முதன்முதலாகத் தகுதி பெற்றபோது பிரேடிக்கு முதலில் தடை. பல்கேரியாவுடனான ஆட்டத்தில் வெளியேற்றப்பட்டிருந்தார். அதில் பிழை அவருடையதுதான், நான் மறைக்கவில்லை. அப்புறம் முழங்கால் காயம். 1989 செப்டம்பரில் மேற்கு ஜெர்மனியுடன் ஒரு சிநேகபூர்வ ஆட்டம். பயிற்றுநர் ஜாக் சார்ல்டன் இடைவேளைக்கு முன்பே அவரை வெளியே எடுத்தார். அன்றோடு தேசிய அணியிலிருந்து விலகினார். சார்ல்டன் அயர்லாந்துக்குச் செய்தது பெரிது. ஆனால் தலைக்கு மேலால் நீளமாக அடிக்கும் அவருடைய ஆட்டமுறையில் பிரேடி போன்றவருக்கு வேலை இல்லை. டப்ளின் ரசிகர்கள் முன்னால், அரைமணி நேரம் கொஞ்சம் தாண்டியதும் வெளியே எடுத்தது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

1990 மேயில் வெஸ்ட் ஹாமுக்காக வுல்வ்ஸுடன் அவருடைய கடைசி ஆட்டம். நானும் வீட்டுக்காரரும் அப்டன் பார்க்குக்குப் போனோம். 4–0. நாலாவது கோல் பிரேடியுடையது, கடைசி நிமிடத்தில், தூரத்திலிருந்து. சனம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. அடுத்த மாதம் உலகக் கிண்ணம் இத்தாலியில். ஏழு பருவங்கள் அவர் ஆடிய நாட்டில். யுவென்டஸ், சம்ப்டோரியா, இன்டர், அஸ்கோலி என்று நாலு கழகங்களுக்கு ஆடியவர். ரோமில் காலிறுதியில் இத்தாலியிடம் அயர்லாந்து 1–0 என்று தோற்றபோது, தொலைக்காட்சி முன்னால் வீட்டுக்காரர் சொன்னது இதுதான்: "அந்தப் புல் அவனுக்குத் தெரியும்."

பிறகு 1996 முதல் 2014 வரை ஆர்சனலின் இளையோர் அணிகளைப் பார்த்துக்கொண்டார். அது தனிக் கதை.

அடுத்த ஞாயிறு இடம் இருந்தால் பட்டியலில் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்: லியாம் பிரேடி, டப்ளின், அயர்லாந்துக்காக 72 ஆட்டங்கள், 9 கோல்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
வட லண்டன்