ஏழாம் வகுப்புப் பெற்றோருக்கு: திருக்கோட்டியூர்ப் பயணம் பற்றி

அன்புடையீர், வணக்கம்.

வரும் சனிக்கிழமை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைத் திருக்கோட்டியூர் சௌமியநாராயணப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். காலை ஏழரை மணிக்குப் பேருந்து கிளம்பும். புளியோதரையும் தண்ணீரும் கொடுத்துவிட்டால் போதும். செல்போன் வேண்டாம்.

அதற்குமுன் வீட்டில் உங்களால் ஆகவேண்டிய வேலை ஒன்று உண்டு. போன வாரம் வகுப்பில் திருமாலின் பத்து அவதாரங்களைக் கேட்டேன். மச்சம் முதல் கல்கி வரை மூச்சுவிடாமல் ஒப்பித்தார்கள். நரசிம்மர் ஏன் அந்தி நேரத்தில் வந்தார் என்றதும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

"விளக்கு வைக்கிற நேரத்துல வாசப்படியில உக்காராதே" என்று நம் பக்கத்து அப்பத்தாக்களும் ஆயாக்களும் அதட்டுவதைப் பிள்ளைகள் கேட்டுத்தான் வளர்கிறார்கள். காரணத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். மனிதனாலும் மிருகத்தாலும் சாவு கூடாது, பகலிலும் இரவிலும் கூடாது, வீட்டுக்கு உள்ளேயும் வெளியேயும் கூடாது, தரையிலும் வானத்திலும் கூடாது, ஆயுதம் எதுவும் தீண்டக் கூடாது என்று வரம் வாங்கியவன் இரணியன். அதில் ஒரு சொல்லைக்கூட மீறாமல், மனித உடலும் சிங்க முகமுமாக வந்து, அந்திப்பொழுதில், வாசற்படியில், மடியில் கிடத்தி, நகத்தால் அவன் கதையை முடித்தார் பெருமாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த சாமர்த்தியம் ரொம்பப் பிடிக்கும். உங்கள் வீட்டு நிலைவாசலில் நிறுத்திவைத்தே சொல்லலாம்.

அந்த இரணியனை ஒழிக்கத் தேவர்களும் முனிவர்களும் கூடி ஆலோசித்த இடம் திருக்கோட்டியூர் என்கிறது தலபுராணம். பெரியாழ்வார் கண்ணன் பிறப்பைப் பாடத் தொடங்கும்போதே இந்த ஊர்ப் பெயரைத்தான் எடுக்கிறார். அங்கே விமானத்தில் அடித்தளத்தில் நர்த்தனக் கண்ணன், மேலே ஏற ஏறப் பள்ளிகொண்ட கோலம், நின்ற கோலம், அமர்ந்த கோலம். படிகள் குறுகல், ஆசிரியர்கள் கூடவே ஏறுவார்கள். தம் குரு திருக்கோட்டியூர் நம்பியிடம் 18 முறை நடந்து வந்து பெற்ற 'ஓம் நமோ நாராயணாய' என்னும் திருமந்திரத்தை, இராமானுசர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்ன இடத்தையும் காட்டுவோம்.

வியாழனுக்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஓர் அவதாரக் கதையை வீட்டுப் பெரியவர் வாயால் கேட்டு, அவர் சொன்னபடியே அரைப் பக்கம் எழுதி வரட்டும். யூடியூப் பார்த்து எழுத வேண்டாம். மற்ற சமயத்துப் பிள்ளைகள் தங்கள் வீட்டில் வழங்கும் கதையை எழுதலாம். பயணத்துக்கு வருவதும் வராததும் உங்கள் விருப்பம்.

ஒப்புதல் சீட்டையும் வியாழனன்றே கொடுத்தனுப்புங்கள். கதை சொல்ல விரும்பும் ஐயா, அப்பத்தா, ஆயா யாராக இருந்தாலும் வெள்ளிக்கிழமை கடைசி வகுப்புக்கு நேரே வரலாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்