மாறி பெட்டியா, பெயர்ச்சீட்டா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வந்த பைத்தான் நிரல்மொழிப் பாடம், மாறி (வேரியபிள்) என்பது மதிப்பைப் போட்டு வைக்கும் பெட்டி என்றும், ஒரு மாறியை இன்னொன்றுக்குச் சமமாக்கினால் உள்ளே இருப்பதன் நகல் அடுத்த பெட்டிக்குப் போய்விடும் என்றும் விளக்கியிருந்தது. சி மொழியில் பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டி வைக்கும் ஸ்ட்ரக்டுக்கு இந்த விளக்கம் பொருந்தும், பைத்தானுக்குப் பொருந்தாது.

அல்சூரில் ஞாயிறுதோறும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு நிரலாக்கம் சொல்லித் தருகிறேன். அவர்களில் பி.யூ.சி. படிக்கும் ஒரு பெண், வீடு வீடாகப் பால் போடும் தன் தந்தைக்காகக் கணக்கு நிரல் ஒன்றை எழுதியிருந்தாள். வீட்டு எண்ணுக்கு எதிரே பாக்கெட் எண்ணிக்கையும் விலையும் கொண்ட சிறு பட்டியல்; மாதம் பிறந்ததும், ஏப்ரல் கணக்கின் நகலில் மே கணக்கைத் தொடங்குவதாக எண்ணி 'மே = ஏப்ரல்' என்று ஒரு வரி. (பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்றுக்கொள்வதில் பிள்ளைகளுக்குத் தனி மகிழ்ச்சி.) கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போன 14ஆம் எண் வீட்டுக்கு மே மாதத்தில் பாக்கெட் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கினாள். அந்த வீட்டார் திரும்பி வந்து ஏப்ரல் பாக்கி எவ்வளவு என்று தாங்களாகவே கேட்டபோதுதான், ஏப்ரல் கணக்கிலும் பூச்சியம் இருப்பது தெரிந்தது.

அந்த வரி நகல் எதையும் எடுக்கவில்லை. இருந்த ஒரே கணக்கேட்டின் மேல் இரண்டாவதாக ஒரு பெயர்ச்சீட்டை ஒட்டியது, அவ்வளவுதான். காப்பி என்ற கட்டளையைச் சேர்த்துப் பார்த்தாள். புதிய வீடுகளைச் சேர்ப்பதும் பழையவற்றை நீக்குவதும் இப்போது அந்தந்த மாதத்தோடு நின்றன. ஆனால் 14ஆம் வீட்டின் எண்ணிக்கை மட்டும் முன்போலவே இரண்டு மாதங்களிலும் சேர்ந்தே மாறியது. மேலேடு நகலானாலும், உள்ளே இருந்த சிறு பட்டியல்கள் பொதுவாகவே இருந்ததுதான் காரணம். முகவரிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்தால் முகவரிகள் இரண்டாகுமே தவிர, வீடுகள் இரண்டாவதில்லை. உள்ளடுக்குகளையும் சேர்த்துப் படியெடுக்கும் டீப்காப்பியைப் பயன்படுத்திய பிறகே இரண்டு மாதங்களும் பிரிந்தன.

பெட்டி விளக்கம் எண்களில் பொய்க்காதது போலத் தோன்றுவதால்தான் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்திருக்கிறது. அ = 5, ஆ = அ, பிறகு ஆ = 7 என்று எழுதினால் அ 5 ஆகவே இருக்கிறது; நகல் எடுத்ததால் அல்ல, ஆ என்னும் சீட்டை 5இலிருந்து உரித்து 7இன் மேல் ஒட்டியதால். எண்ணையும் எழுத்துச்சரத்தையும் இருந்த இடத்திலேயே திருத்த முடியாதாகையால் வேறுபாடு வெளியே தெரிவதில்லை. பட்டியலைத் திருத்தலாம், அங்கே மாட்டிக்கொள்கிறோம்.

ஒவ்வொரு முறையும் முழுமையாகப் படியெடுப்பது நேரத்தையும் நினைவகத்தையும் தின்னும் என்பதால், பைத்தான் தெரிந்தே இப்படி நடந்துகொள்கிறது. இணையதளங்களுக்கான பி.எச்.பி. மொழியில்கூட 4ஆம் பதிப்பு வரை ஆப்ஜெக்டை (தரவும் செயலும் சேர்ந்த தொகுப்பை) இன்னொரு மாறிக்குச் சமமாக்கினால் நகல் கிடைத்தது; 2004இல் வந்த 5ஆம் பதிப்பிலிருந்து, நகல் வேண்டுமென்றால் குளோன் என்று தனியே எழுத வேண்டியதாயிற்று.

பெயர்ச்சீட்டு தரவை இப்படிக் காட்டி நிற்பதை ஆங்கிலத்தில் ரெஃபரன்ஸ் என்பார்கள்; அதற்குச் 'சுட்டு' என்ற சொல்லை நான் வகுப்பில் பயன்படுத்துகிறேன். 'அவ்வீடு' என்றால் இருக்கும் வீட்டைக் காட்டுகிறோம், புதிதாக ஒன்றைக் கட்டுவதில்லை என்றவுடன் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். அடுத்த பாடத்தில் பெட்டிப் படத்தை எடுத்துவிட்டு, ஒரே பட்டியலை இரண்டு சீட்டுகள் சுட்டும் படத்தை அச்சிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு