பட்டுப்புழுவுக்கும் சுடும்

ஆசிரியர் அவர்களுக்கு,

தருமபுரி அங்காடிக்குப் பட்டுக்கூடு வரத்து குறைந்ததாக வந்த செய்தி, விலையோடு நின்றுவிட்டது. வெயிலையும் சேர்த்திருக்கலாம். பட்டுப்புழுவால் உடல் சூட்டைத் தானே சீராக்கிக்கொள்ள முடியாது. கூடு கட்டுவதற்கு முந்தைய ஐந்தாம் பருவத்தில் அதற்கு 23 முதல் 25 டிகிரிதான் உகந்தது. இங்கே சித்திரையில் பல நாள் 38-ஐத் தாண்டுகிறது.

எங்கள் வளர்ப்பு மனை சிமென்ட் ஷீட் போட்டது. போன கோடையில் புழுக்கள் மல்பெரி இலையைத் தொடாமல் கிடந்தன. கூரைமேல் தென்னங்கீற்று பரப்பி, ஜன்னலில் ஈரச்சாக்கு கட்டிய பிறகுதான் தின்ன ஆரம்பித்தன. (கூடு மெலிசாகத்தான் வந்தது, அது வேறு கதை.) மனை கட்ட மானியம் தரும் பட்டு வளர்ச்சித் துறை, கூரையைக் குளிர்விக்கவும் ஒரு பங்கு ஒதுக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் கேட்பவர்களுக்கு, வெண்கூட்டு ரகத்துக்குப் பதிலாகச் சூடு தாங்கும் கலப்பின முட்டைகளைக் கொடுக்கலாம்.

– வாசகர், பாலக்கோடு