ஞாயிறு கூட்டம்: தாக்கும் செல்களை அடக்கி உடம்பைக் காக்கும் செல்கள்

வணக்கம். வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, வழக்கம்போல மதுரை புது நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலக வாசலில் சேர்வோம். இந்த முறை, மூன்று விஞ்ஞானிகளுக்குக் கிடைத்த 2025 மருத்துவ நோபல் பற்றிப் பேசலாம்.

கிருமியைத் தாக்க வேண்டிய டி செல்கள் (வெள்ளை அணுக்களில் ஒரு வகை) சில சமயம் நம் உடம்பையே தாக்கும். அவற்றை அடக்கி வைக்கும் தனி டி செல்கள் உண்டு என்று 1995இல் ஷிமோன் சகாகுச்சி காட்டினார். அப்புறம் 2001இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெல்லும், தோல் செதிலாக உரிந்து சில வாரங்களிலேயே சாகும் ஒரு எலி வகையில் பழுதான ஜீனைக் கண்டுபிடித்தார்கள். சந்தேகப்பட்ட 20 ஜீன்களில் கடைசியாகப் பார்த்ததில்தான் பழுது இருந்தது. என்ன பொறுமை! அதுதான் ஃபாக்ஸ்பி3. அந்த அடக்கும் செல்கள் உருவாக இந்த ஜீன் வேண்டும் என்பது 2003இல் தெரிந்தது.

என் அம்மாவுக்கு முடக்குவாதம். காலையில் எழுந்ததும் மல்லிகை தொடுக்க உட்கார்ந்தால், நாரில் முடிச்சுப் போட ஒரு மணி நேரத்துக்கு விரல் மடங்காது. அதுவும் உடம்பு தன்னையே தாக்கும் நோய்தான். அதனால்தான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

ஒன்று மட்டும்: இந்த அடக்கும் செல்களை வைத்துச் செய்யும் சிகிச்சைகள் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கின்றன. யாரும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்த வேண்டாம். கேள்விகளைச் சனிக்கிழமைக்குள் இங்கேயே போடுங்கள்.