அறுந்த கயிற்றுக்கும் சேர்த்து நன்றி

இயேசுவுக்கே புகழ், மரியாயே வாழ்க!

கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமாருக்கும், இரவோடு இரவாகக் கடலில் தேடிய கடலோரக் காவல் படையினருக்கும் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தாருக்கும், இராமநாதபுரம் அரசு ஆஸ்பத்திரி டாக்டர், நர்சம்மாக்களுக்கும், பள்ளிவாசல் தெரு பாய்மாருக்கும், எங்கள் தெரு சனங்களுக்கும் பாம்பனிலிருந்து எழுதுகிறேன். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கையைப் பிடித்துச் சொல்லத்தான் ஆசை. ஆனால் சில பேரின் முகம் தெரிகிறது, வீடு தெரியவில்லை. சில பேரின் குரல் மட்டும்தான் தெரியும். அதனால்தான் இந்த மடல்.

நடந்தது பல பேருக்குத் தெரியும், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஆவணிக் கடைசியில் என் கணவர், கொழுந்தனார், கூட இரண்டு பேர் என்று நாலு பேர் வள்ளத்தில் தென்கடலுக்குப் போனார்கள். வலையை இழுத்து ஏற்றிவிட்டுத் திரும்பும்போது இன்ஜின் நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தென்மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காற்று ஏறிவிட்டது. "நங்கூரம் போட்டுக் கிடக்கிறோம். கயிறு தாங்கினால் விடிந்ததும் யாராவது வந்து இழுத்துக்கொள்ளலாம்" என்று போனில் சொன்னார். அதோடு போன் அணைந்துபோனது.

கயிறு தாங்கினால். அதைப் பிடித்துக்கொண்டுதான் விடிய விடியச் செபமாலை சொன்னோம். ஆண்டவரே காற்று இறங்கட்டும், கயிறு அறாமல் காத்தருளும் என்பதைத் தவிர எங்கள் வீட்டில் அன்று வேறு மன்றாட்டே இல்லை.

காற்று இறங்கவில்லை. கயிறும் அறுந்துபோனது.

அதைப்பற்றி என் கணவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பலகை இடுக்கில் தண்ணி கசிந்துகொண்டே இருந்தது. மாறி மாறி இறைத்தும் குறையவில்லை. நங்கூரம் இழுத்துப் பிடித்திருந்ததால் வருகிற அலையெல்லாம் முன்பக்க அணியத்தில் ஏறி உள்ளே விழுந்தது. கயிறு தாங்கியிருந்தால் விடியும் முன்னே அந்த இடத்திலேயே முங்கியிருப்போம்." கயிறு அறுந்ததால் காற்று அவர்களை வடகிழக்கே தள்ளிக்கொண்டு போய்க் குருசடைத் தீவுப் பக்கம் கடலடிப் பாறைத் திட்டான பாரில் மோதவிட்டது. வள்ளம் உடைந்தது. நாலு பேரும் டீசல் கேனையும் உடைந்த பலகையையும் பிடித்துக்கொண்டு தீவு மணலில் ஏறிவிட்டார்கள்.

அங்கே அவர்களைக் கண்டெடுத்தது பாசிக்கு வந்த பெண்கள். இதை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. பாசிக்கு மாதம் முழுக்கப் போவதில்லை. பாசி மறுபடி வளர வேண்டும் என்று அந்தப் பெண்களே கூடிப் பேசி, அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி மாதத்தில் 12 நாள் மட்டும் என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அன்று அமாவாசைக்கு மறுநாள். காற்று அடங்கி, தீவின் வடக்குப் பக்கம் ஒதுக்கமாக இருந்ததால் இறங்கியிருக்கிறார்கள்.

என் கணவருக்குப் பார்க்கல் வெட்டி முழங்காலுக்குக் கீழே பிளந்திருந்தது. ஓர் அக்கா, கல் கிழிக்காமல் இருக்கத் தன் விரல்களில் சுற்றியிருந்த துணிக் கீற்றுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, முடிச்சுப் போட்டு நீளமாக்கி, காலில் இறுகக் கட்டியிருக்கிறார். தூக்குவாளியில் இருந்த கஞ்சியை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, அன்றைய பாசியை அப்படியே விட்டுவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். அக்கா, அந்தத் துணியைத் துவைத்து வைத்திருக்கிறேன். உங்களுக்கு அன்று போன கூலிக்கு நான் என்ன கொடுத்தாலும் ஈடாகாது.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருந்தபோது பைபிளில் திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தைப் படித்தேன். பவுல் போன கப்பலிலும் புயலில் நாலு நங்கூரம் போட்டுவிட்டு, எப்போது விடியும் என்று வேண்டிக்கொண்டு கிடக்கிறார்கள். விடிந்ததும் அந்த நங்கூரங்களைக் கடலிலேயே விட்டுவிட வேண்டியதாகிறது. கப்பல் மணல்திட்டில் மோதி உடைகிறது. 276 பேரும் நீந்தியும் பலகையைப் பிடித்தும் கரை சேருகிறார்கள். ஆண்டவர் பவுலுக்கு வாக்குக் கொடுத்தது உயிர்களுக்குத்தான், கப்பல் போய்விடும் என்று பவுல் முன்னாடியே சொல்லிவிட்டார். சின்ன வயதிலிருந்து கோயிலில் கேட்ட வாசகம்தான். மால்தா தீவு மக்கள் மழைக்கும் குளிருக்கும் தீ மூட்டி அவர்களைச் சேர்த்துக்கொண்டதை இப்போதுதான் நின்று படித்தேன். அவர்கள் பவுலின் சபையார் இல்லை, முன்பின் தெரியாதவர்கள்.

செபம் செய்தால் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்று நான் யாரிடமும் சொல்ல மாட்டேன். என் அப்பத்தா தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் புயலில் தன் அக்காவைப் பறிகொடுத்தவர். அங்கே கோயில் சுவர் இன்னும் நிற்கிறது, அதற்குள் முழந்தாளிட்டவர்கள் எங்களைவிடக் குறைவாகவா மன்றாடியிருப்பார்கள்? அப்பத்தா கடைசி வரைக்கும் செபமாலையைக் கீழே வைக்கவில்லை. காரணம் தெரியாமலே அவர் நம்பினார். வள்ளம் ஏன் போக வேண்டும், கடன் ஏன் எங்கள் தலையில் நிற்க வேண்டும் என்று எனக்கும் தெரியாது. நாங்கள் கேட்ட வழியில் வராதவர், நாங்கள் கேட்காத வழியில் வந்தார் என்பது மட்டும் தெரியும். அதனால் இந்தக் கடனையும் அவர் கையில் வைத்திருக்கிறேன்.

அதற்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார். கால் ஆறியதும் தன் படகுக்கு வரச்சொல்லி, வருவதற்கு முன்பே பங்குப் பணத்தைக் கையில் கொடுத்த பாய்க்கு நன்றி. "வேர்க்காட்டுச் சந்தியாகப்பர் திருவிழாவுக்கு வருசா வருசம் நாங்களும்தானே வருகிறோம், நமக்குள்ளே என்னம்மா" என்றார். ஆஸ்பத்திரியில் எனக்குத் தினமும் சாப்பாடு கொண்டுவந்த பக்கத்து வீட்டு மதினிக்கு நன்றி. மீன்வளத் துறைக்கு மனு எழுதிக் கொடுத்த தம்பிக்கும், பிள்ளைகளைத் தன் வீட்டில் படுக்கவைத்துக்கொண்ட டீச்சருக்கும் நன்றி.

வருகிற ஞாயிறு காலைத் திருப்பலியை நன்றிக்காக ஒப்புக்கொடுக்கிறோம். அப்புறம் வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. பாசி அக்காமார் கட்டாயம் வர வேண்டும்.

இன்னும் ஒருவர் இருக்கிறார். அன்று இரவு நான் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 உதவி எண்ணுக்குப் போன் செய்தபோது, "இந்த வள்ளத்தைப்பற்றி ஏற்கெனவே ஒருவர் சொல்லிவிட்டாரம்மா, ஆட்கள் கிளம்பிவிட்டார்கள்" என்றார்கள். அது யார் என்று கடற்கரை முழுக்க விசாரித்துவிட்டேன், தெரியவில்லை. இதைப் படித்தால் நீங்களும் ஞாயிறன்று வாருங்கள். பெயர் சொல்ல விருப்பமில்லையென்றாலும் பரவாயில்லை, வந்து சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

நாலு பேர் வீட்டாருக்காகவும்,
பாம்பனிலிருந்து ஒரு கடல்தொழிலாளியின் மனைவி