நூலக வைஃபை: எடுரோமுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மாவட்ட மைய நூலகங்களில் இலவச வைஃபை என்ற பேச்சு எழும்போதெல்லாம் கருவி எத்தனை, வேகம் எவ்வளவு என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது. உள்ளே வருபவர் யார் என்பதை எப்படிச் சரிபார்ப்பது? சேவை ஓடுமா, ஆறு மாதத்தில் படுத்துவிடுமா என்பது அதில்தான் இருக்கிறது. கல்லூரிக் கணக்கைக் கொண்டே எந்த ஊரிலும் வைஃபையில் இணைய விடும் எடுரோம் ஏற்பாட்டுக்கு நூலகங்கள் இடம் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை.

புழக்கத்தில் இருப்பவை இரண்டு வழிகள். தூணில் ஒட்டிய ஒரே கடவுச்சொல் முதலாவது. அது தெரிந்த எவரும், அடுத்த மேசைக்காரர் இணையும் நொடியைப் பதிவுசெய்துவிட்டால், வைஃபை தரவைப் பூட்டும் டபிள்யூபிஏ2 குறியாக்கத்தை அவிழ்த்துவிடலாம். யார் எதைச் செய்தார் என்று பிறகு பிரித்தறியவும் வழியில்லை. இரண்டாவது ஓடிபி. தடித்த சுவருக்குள் செல்பேசி சிக்னல் இல்லையென்றால் எஸ்எம்எஸ் வராது. இந்திய எண் இல்லாத வெளிநாட்டு ஆய்வாளர் வெளியேதான். அதைவிட முக்கியம், ஓடிபி பக்கம் பெரும்பாலும் குறியாக்கமே இல்லாத திறந்த வைஃபையின் மேல் ஓடுகிறது. ஓடிபி ஆளைக் கேட்கிறதே தவிர, காற்றில் போகும் தரவைப் பூட்டுவதில்லை.

உயர்கல்வி உலகம் இதற்கு 2003-லேயே ஐரோப்பாவில் விடை கண்டது. எடுரோம் என்ற அந்த ஏற்பாடு இன்று 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்கான வலையமைப்புகளான எர்னெட் இந்தியா இந்தியாவிலும், லேர்ன் இலங்கையிலும் இதை நடத்துகின்றன. ஒரு வங்கியின் அட்டையை வேறொரு வங்கியின் ஏடிஎம்மில் போடுவது போலத்தான்: மாணவர் தன் கல்லூரிக் கணக்கை எந்த ஊரிலும் கொடுக்கலாம், சரிபார்ப்பது அவருடைய கல்லூரி. கடவுச்சொல் டிஎல்எஸ் என்ற குறியாக்கச் சுரங்கத்துக்குள் போவதால் இடம் கொடுக்கும் நூலகம் அதைப் பார்க்கவே முடியாது. ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனிக் குறியாக்கச் சாவி கிடைக்கிறது.

நூலகத் துறை கவனிக்க வேண்டியது இதுதான். எடுரோமில் கணக்கு வழங்குவது ஒரு வேலை, இடம் கொடுப்பது வேறு வேலை. நூலகம் இரண்டாவதை மட்டும் செய்தாலே போதும். உறுப்பினர் பட்டியல் வேண்டாம், கடவுச்சொல் மாற்றித் தரும் தொல்லை வேண்டாம். ஆய்வு மாணவர்கள் தங்கள் கணக்கோடு வந்து உட்கார்ந்தால் போன் தானாக இணைந்துகொள்ளும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் மற்ற வாசகர்களும் இருக்கவே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஓடிபி வைஃபை தனியாக ஓடட்டும்.

செய்முறையும் பெரிதல்ல. நூலகத்துக்கு ஒரு சர்வர் வைக்க வேண்டாம்; மாநிலம் முழுமைக்கும் இரண்டு ஃப்ரீரேடியஸ் சர்வர்கள் (உள்நுழைவுக் கேள்விகளைக் கையாளும் ரேடியஸ் முறைக்கான மென்பொருள்) போதும், ஒன்று விழுந்தால் மற்றொன்று. 2 ஜிபி நினைவகம் உள்ள லினக்ஸ் மெய்நிகர் கணினியே தாராளம். வைஃபை கருவி கேட்கும் கேள்வி யூடிபி 1812-ஆம் போர்ட் வழியே அந்த சர்வருக்குப் போகும், அங்கிருந்து எர்னெட்டின் தேசிய சர்வருக்கு, அங்கிருந்து மாணவரின் கல்லூரிக்கு. வைஃபையின் பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் "eduroam" என்றே இருக்க வேண்டும். ஓர் எழுத்தைப் பெரிதாக்கினாலும், நூலகத்தின் பெயரை முன்னால் ஒட்டினாலும் எந்தப் போனும் தானாக இணையாது.

சிக்கல் வருமிடங்கள் வேறு. ரேடியஸ் சர்வர் தன்னிடம் பேசும் கருவியை ஐபி முகவரியை வைத்துத்தான் அடையாளம் காணும். கிளை நூலகத்தின் பிராட்பேண்டில் முகவரி அவ்வப்போது மாறும். மாறிய அன்று சர்வர் பதிலே சொல்லாது. கருவிக்கும் சர்வருக்கும் பொதுவான ரகசியச் சொல்லில் ஓர் எழுத்து பிசகினாலும் இதே மௌனம்தான். "தவறு" என்ற செய்தி வராமல் வெறும் டைம் அவுட் மட்டும் வருவதால் கருவியைக் கழற்றி மாற்றிப் பார்ப்பவர்கள் உண்டு. நிலையான முகவரி வாங்குங்கள், இல்லையேல் விபிஎன் அல்லது, ரேடியஸை டிஎல்எஸ்ஸில் பூட்டி அனுப்பும், டிசிபி 2083-இல் ஓடும் ராட்செக் வையுங்கள். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் ஓட்டைக்குப் பிறகு, ரேடியஸைப் பாதுகாப்பில்லாமல் பொது இணையத்தில் விடுவது எப்படியும் சரியல்ல.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாது. கல்லூரி சர்வர் தன்னை நிரூபிக்கக் காட்டும் சான்றிதழ்ச் சங்கிலி பெரிதாக இருந்தால் ரேடியஸ் பொட்டலம் 1500 பைட்டைத் தாண்டித் துண்டாகும். நடுவில் உள்ள ஃபயர்வால் துண்டுகளைத் தூக்கி எறியும். ஒரு கல்லூரி மாணவர்கள் சுலபமாக இணைய, இன்னொரு கல்லூரியினர் மட்டும் சுற்றிக்கொண்டே நிற்பது பெரும்பாலும் இதனால்தான். துண்டுகளை ஃபயர்வாலில் அனுமதிக்க வேண்டும். கல்லூரி சர்வரில் துண்டின் அளவை 1024-க்குக் குறைப்பதும் உதவும். பயனர் பெயரின் கடைசியில் போன் தானாகச் சேர்க்கும் இடைவெளி, @-க்குப் பின் ஜிமெயில் முகவரி ஆகியவற்றை மேலே அனுப்பாமல் நம் சர்வரிலேயே மறுத்துவிட வேண்டும்.

வாசிப்புக் கூடத்துக்கு 254 ஐபி முகவரிகளை எட்டு மணி நேரக் குத்தகையில் (ஒரு போனுக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கி) விட்டால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். 1022 முகவரிகள், ஒரு மணி நேரக் குத்தகை என்று வையுங்கள். விருந்தினருக்குத் தனி விலான் (பிரித்து வைத்த உள் வலையமைப்பு) கட்டாயம். புத்தகம் வழங்கும் கணினியும், நூலக மேலாண்மை மென்பொருளான கோஹா ஓடும் சர்வரும் அவர்கள் கண்ணில் படவே கூடாது. சட்டப் பக்கமும் உண்டு: இந்தியாவின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் இட்ட ஆணைப்படி பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், கடிகாரம் தேசியத் தகவல் மையம் (என்ஐசி) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் (என்பிஎல்) நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். இன்றைய போன்கள் தங்கள் வன்பொருள் அடையாளமான மேக் முகவரியை மாற்றி மாற்றிக் காட்டுவதால் அதை மட்டும் பதிந்து பயனில்லை. உள்நுழைந்த நேரம், கொடுத்த ஐபி, நாட் பதிவு (பலர் ஒரே பொது முகவரியில் வெளியே போவதன் குறிப்பு) மூன்றும் சேர்ந்தால்தான் ஆளை அவருடைய கல்லூரி வழியே அடையாளம் காண முடியும்.

கல்லூரிகளுக்கும் ஒரு சொல். "சான்றிதழைச் சரிபார்க்க வேண்டாம்" என்பதைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் வழிகாட்டுக் குறிப்புகளை உடனே கிழித்துப் போடுங்கள். அப்படி அமைத்த போன், பேருந்து நிலையத்தில் எவராவது எடுரோம் என்ற பெயரில் போலிக் கருவி வைத்தால் அதற்கும் கடவுச்சொல்லின் தடயத்தைக் கொடுத்துவிடும். ஆண்ட்ராய்டு 11 முதல் கூகுள் இந்த வாய்ப்பை நீக்கத் தொடங்கியதற்குக் காரணமும் இதுவே. கெட்எடுரோம் செயலி வழியே அமைத்தால் மாணவர் எதையும் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

பள்ளிகளுக்கும் இது எட்டாத ஒன்றல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் மாநிலக் கல்வி வலையமைப்பே எடுரோமைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது. பின்னாளில் நூலகமே கணக்கு வழங்க விரும்பினால் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோஹாவில் கடவுச்சொற்கள் பிகிரிப்ட் என்ற, திருப்பி எடுக்க முடியாத வடிவில் இருப்பதால் பீப் என்ற உள்நுழைவு முறை அவற்றோடு வேலை செய்யாது, டிடிஎல்எஸ்-பாப் என்ற முறை வேண்டும்.

எனவே நூலக வைஃபைக்கான அடுத்த டெண்டரில் துறை இவற்றை எழுதிச் சேர்க்க வேண்டும்: கருவி டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 எண்டர்பிரைஸ் (ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு கேட்கும் முறை) இரண்டையும் தாங்க வேண்டும், ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் தனி விலான் வேண்டும், ராட்செக் வேண்டும், சுவிட்ச் யூபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். வீட்டு ரகக் கருவிகள் முதல் நிபந்தனையைத் தாண்டிவிடும், இரண்டாவதில் பெரும்பாலும் மாட்டிக்கொள்ளும். ஏலத்தில் மலிவாகத் தெரிவது அந்த ரகம்தான் என்பதால், வாங்கும் முன் ஒரு கருவியை மேசையில் வைத்து எர்னெட் சோதனைக் கணக்கில் இணைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கல்லூரி வலையமைப்புப் பணியாளர்கள் சிலர்,
மதுரை